அத்தைக்குப் பூசை

எதிர்வீட்டுக் கதவு எப்போது திறக்கிறது, எப்போது மூடுகிறது என்று பார்ப்பதைத் தவிர கோமளாவுக்கு வேறு வேலையே இல்லை என்று எங்கள் மாடியில் ஒரு பேச்சு உண்டு. கோமளா நான்தான். பேச்சும் உண்மைதான். குமணன்சாவடியில் இந்தப் பழைய அடுக்குமாடியில் என் கதவுக்கும் எதிர்க்கதவுக்கும் நடுவே இருப்பது ஒரு செருப்பு ஸ்டாண்டு வைக்கும் இடம். காதில் பஞ்சை அடைத்துக்கொண்டா குடித்தனம் நடத்துவது?

எதிர்வீட்டில் மூன்று பேர். பிராங்க், அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு கம்பெனியில் லேத் ஓட்டுகிறவன். நல்ல வேலைக்காரன், வாய் நிறையச் சிரிப்பு, வயிறு நிறையப் பிராந்தி. அவன் மனைவி அருள்செல்வி. அவன் அம்மா செசிலியம்மா. ஒருவர் குடித்தார், ஒருவர் அதை மறைத்தார், ஒருவர் அப்படி எதுவும் நடக்கவே இல்லை என்றார். வேலையைச் சரியாகத்தான் பிரித்துக்கொண்டிருந்தார்கள்.

செசிலியம்மாவின் கணக்கில் பிராங்குக்கு இருந்ததெல்லாம் சளி. அவன் படியில் தடுமாறினால் கண்ணாடி பவர் ஏறிவிட்டது. வாசலில் வாந்தி எடுத்தால் முனையில் இருக்கிற பரோட்டாக் கடையை இழுத்து மூட வேண்டும். ஒருநாள் எனக்குப் பொறுக்கவில்லை. "உங்க புள்ள குடிக்கிறாரும்மா. அதுக்கு வைத்தியம் இருக்கு. எங்க வீட்டுக்காரரே குடிய விட்டாரு, பாத்தீங்க இல்ல?" என்று நேராகவே கேட்டுவிட்டேன்.

செசிலியம்மா விரலை நீட்டினார். "எம் புள்ளய அந்த வார்த்த சொல்றதுக்கு எனக்கு வாய் வராது கோமளா. அதச் சொல்றதுக்கு முன்ன நான் செத்துப் பூடுவேன்."

சொன்னால் சொன்னதைச் செய்கிற மனுஷி என்று அப்போது எனக்குத் தெரியாது.

பிராங்குக்கு இது நல்ல வசதியாக இருந்தது. அருள்செல்வி வைத்தியம் என்று வாயைத் திறந்தாலே, "எங்கம்மா சொல்லட்டும், நாளைக்கே வர்றேன்" என்பான். அம்மா சொல்ல மாட்டார். நாளையும் வராது. இதிலேயே அவன் மீசையில் நரை விழுந்துவிட்டது.

அருள்செல்வியின் பங்குக்கு வருகிறேன். ஞாயிற்றுக்கிழமை குடித்த குடிக்குத் திங்கட்கிழமை அவன் எழுந்திருக்க மாட்டான். கம்பெனிக்கு அவள்தான் போன் போடுவாள். அவள் பேசுவதைக் கேட்பதற்காகவே நான் குக்கரை இறக்கி வைத்துவிட்டு வாசலுக்கு வருவேன். அவ்வளவு நன்றாகப் பொய் சொல்வாள். பிராங்குக்கு டெங்கு வந்திருக்கிறது, காமாலை வந்திருக்கிறது, இரண்டு கிட்னியிலும் கல் வந்திருக்கிறது. நோய்கள் தீர்ந்துபோனதும் திண்டுக்கல்லில் ஒரு பெரியப்பாவை உண்டாக்கிச் சாகடித்தாள். "பொட்டி சின்னதாப் போச்சு சார், மனுஷன் நல்ல உயரம்" என்று அவள் சொன்னபோது எனக்கே கண் கலங்கியது. அந்தப் பெரியப்பா மேல் அவளுக்கும் பாசம் வந்துவிட்டது. கல்லறைத் திருநாளன்று அவருக்கும் சேர்த்து ஒரு மெழுகுவத்தி ஏற்றலாமா என்று என்னிடம் யோசனை கேட்டாள்.

அன்றைக்குத்தான் இவளை இப்படியே விடக்கூடாது என்று முடிவு கட்டினேன். குடிக்கிறவனை விட இவள் வேகமாகக் கெட்டுக்கொண்டிருந்தாள்.

என் வீட்டுக்காரர் பாபு குட்டியானை லோடு வண்டி ஓட்டுகிறவர். ஒரு காலத்தில் வண்டியை விட அவர் அதிகமாக ஆடுவார். அவரைச் சிகிச்சைக்கு அனுப்பித் திரும்பக் கொண்டுவந்ததில் எனக்குத் தெரிந்த இடம் ஒன்று இருந்தது. பூந்தமல்லியில் ஒரு கோயிலுக்குப் பின்னால் சின்னப் பிள்ளைகள் பள்ளிக்கூடம். சனிக்கிழமை சாயங்காலம் அங்கே கூட்டம் நடக்கும். குடியை விட வந்தவர்களுக்கு எல்.கே.ஜி. வகுப்பு. அவர்களோடு குடும்பம் நடத்துகிறவர்களுக்குப் பக்கத்தில் யு.கே.ஜி. வகுப்பு. எங்களுக்கு ஒரு வகுப்பு அதிகமாகக் கொடுத்திருந்தது நியாயம்தான் என்று நினைத்துக்கொள்வேன்.

பிள்ளைகள் உட்காரும் குட்டி நாற்காலியில்தான் நாங்களும் உட்கார வேண்டும். முழங்கால் முகவாயில் இடிக்கும். அந்த உயரத்தில் உட்கார்ந்துகொண்டு யாராலும் பெருமை பேச முடியாது. ஒவ்வொருவராகப் பேரைச் சொல்லி, வீட்டில் யார் குடிக்கிறார் என்று சொல்ல வேண்டும். அருள்செல்வியின் முறை வந்தது. "என் பேரு அருள்செல்வி. என் வீட்டுக்காரர் குடிநோயாளி" என்றாள். சொல்லிவிட்டுச் சிரித்தாள். சிரித்துக்கொண்டே அழ ஆரம்பித்தாள். எல்லாரும் அவளை அழ விட்டார்கள். யாரும் கர்ச்சீப் நீட்டவில்லை, ஆறுதல் சொல்லவில்லை. அங்கே அதுதான் மரியாதை.

கூட்டத்தை நடத்துகிற பத்மாக்கா பெரியப்பா கதையை முழுசாகக் கேட்டுவிட்டு, "ரொம்பத் திறமைசாலிம்மா நீ. அந்தத் திறமையிலதான் அவரு குடிச்சுக்கிட்டு இருக்காரு" என்றார். "அவரு ஆபீசுக்கு என்ன சொல்லணுமோ அவரே சொல்லட்டும். அவருக்காக நீ பொய் சொல்லாத. எப்பவும்னு சொல்லல, இந்த வாரம் மட்டும். முடியுமா?"

முடியும் என்று மாதா மேல் ஆணையிட்டாள் அருள்செல்வி.

திரும்பி வரும்போது ஷேர் ஆட்டோவில் ஏதோ யோசனையாக இருந்தாள். "அக்கா, பொய்தான சொல்லக் கூடாது? உண்மை சொல்லலாம் இல்ல?"

"தாராளமா சொல்லு."

"எந்த உண்மைய வேணும்னாலும் சொல்லலாமா?"

எனக்கு அப்போதே உறைத்திருக்க வேண்டும்.

திங்கட்கிழமை வந்தது. அன்று செசிலியம்மாவுக்கு எழுபதாவது பிறந்தநாள். மாதா கோயிலில் தன் பேரில் நன்றிப் பூசை கொடுத்திருந்தார். பூசையில் பேரை வாசிப்பார்கள் என்பதற்காகவே வெளிர் நிறப் பட்டுச்சேலை கட்டி, விடியும்போதே தனியாகக் கிளம்பிப் போய்விட்டார். மகன் கூட வருவதாகச் சொல்லியிருந்தான். மகன் உள் அறையில் குறட்டை விட்டுக்கொண்டிருந்தான்.

எட்டரைக்குக் கம்பெனியிலிருந்தே போன் வந்தது. சூப்பர்வைசர் ரகுநாதன். இன்னொரு முறை காரணம் இல்லாமல் லீவு போட்டால் வேலை போய்விடும் என்று போன வாரமே எச்சரித்திருந்தவர். அருள்செல்வி போனை எடுத்துக்கொண்டு வாசலுக்கு வந்தாள். அவள் முகம் வெளிறியிருந்தது. என்னைப் பார்த்தாள். நான் தலையை ஆட்டினேன், பொய் சொல்லாதே என்று. அவளும் தலையை ஆட்டினாள்.

"இல்ல சார், அவரால வர முடியாது. அத்தைக்குப் பூசை சார். ஆமா சார், அவங்க அம்மாவுக்குத்தான். கோயில்ல பேர் வாசிக்கிறாங்க. இன்னைக்குக் காலைலதான் சார். எழுபது வயசு சார். அவரா? படுத்த படுக்கையா இருக்காரு சார். எழுப்பவே முடியல. சரிங்க சார். ரொம்ப நன்றி சார்."

போனை வைத்துவிட்டு என்னிடம் வந்தாள். "ஒரு பொய்யாவது சொன்னேனாக்கா?"

திட்டத்தான் வாயைத் திறந்தேன். சிரிப்பு வந்துவிட்டது. "உண்மைக்கே வேஷம் கட்டி அனுப்பிட்டியேடி, பாவி" என்றேன். இரண்டு பேரும் சுவரில் சாய்ந்துகொண்டு சிரித்தோம். பூசை என்றால் ஏதோ முக்கியமான வீட்டு விசேஷம் என்று அந்த ஆள் நினைத்துக்கொள்வார், இன்றைய பொழுது போய்விடும் என்பது அவள் போட்ட கணக்கு.

போனின் அந்தப் பக்கம் நடந்தது எங்களுக்குப் பிறகுதான் தெரிந்தது. ரகுநாதன் கோயமுத்தூர்க்காரர், இந்தப் பக்கம் வந்து கொஞ்ச நாள்தான். அவருக்குத் தெரிந்த பூசை பொரியும் சுண்டலும் வைக்கிற ஆயுத பூசை. அம்மாவுக்குப் பூசை என்றால் என்ன, மகன் ஏன் படுத்த படுக்கையாகிவிட்டான் என்று புரியாமல், பக்கத்து மிஷினில் இருந்த ஜாபஸைக் கூப்பிட்டுக் கேட்டிருக்கிறார். ஜாபஸும் கிறிஸ்தவன்தான், ஆனால் சி.எஸ்.ஐ.க்காரன்; பிராங்க் வீட்டார் ஆர்.சி., கத்தோலிக்கர்கள். ஆர்.சி. கோயிலுக்குள் ஏதோ ஒரு கல்யாணத்துக்குப் போய்க் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து வந்ததோடு சரி. ஆனால் தெரியாது என்று சொல்லிப் பழக்கம் இல்லாதவன்.

"ஆர்.சி.ல பூசைல பேரு வாசிச்சாங்கன்னா ஆளு காலி சார். செத்தவங்களுக்குத்தான் சார் வாசிப்பாங்க" என்று அடித்துச் சொல்லியிருக்கிறான்.

பாஸ்போர்ட் வருவதற்கும், பிள்ளை பிளஸ் டூ பாஸ் ஆவதற்கும், முழங்கால் வலி தீர்ந்ததற்கும் ஆர்.சி.க்காரர்கள் பூசை கொடுப்பார்கள் என்று அவனுக்கு யார் சொல்வது?

பதினொரு மணிக்கு நான் எதிர்வீட்டில்தான் இருந்தேன். அருள்செல்வி கேசரி கிளறிக்கொண்டிருந்தாள். முந்திரி சரியாக வறுபட்டிருக்கிறதா என்று பார்த்துச் சொல்ல ஆள் வேண்டுமே. செசிலியம்மா அப்போதுதான் கோயிலிலிருந்து வந்து, பூசைக்குப் போட்ட முக்காட்டைக்கூட எடுக்காமல் மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்திருந்தார். மணி அடித்தது. அவரே எழுந்து போய்க் கதவைத் திறந்தார்.

வாசலில் இரண்டு பேர். முன்னால் நின்றவர் ரகுநாதன். பின்னால் ஜாபஸ், சட்டையில் கறுப்பு பேட்ஜ், இரண்டு கையிலும் லாரி டயர் அகலத்துக்கு ஒரு ரோஜா மாலை.

"நாங்க பிராங்க் கம்பெனியில இருந்து வர்றோமுங்க" என்றார் ரகுநாதன் குரலைத் தாழ்த்தி. "விஷயம் கேள்விப்பட்டதும் மனசு கேக்கலீங்க."

"இன்னா விஷயம்?"

"அம்மா தவறிட்டாங்கன்னு..."

"யாரோட அம்மா?"

"நம்ம பிராங்க்கோட அம்மாங்க. செசிலியம்மா."

கரண்டியோடு வந்து நின்ற அருள்செல்வி அப்படியே நின்றாள். செசிலியம்மா மாலையைப் பார்த்தார். மருமகளைப் பார்த்தார். பிறகு உள் அறையின் திரைக்குக் கீழே நீட்டிக்கொண்டிருந்த மகனின் கால்களைப் பார்த்தார். அவர் மனதுக்குள் ஓடியது எனக்குக் கண்ணாடி போலத் தெரிந்தது. நான் சாகவில்லை என்று சொன்னால், பின்னே பிராங்க் ஏன் வேலைக்கு வரவில்லை என்று கேட்பார்கள். அதற்குப் பதில் அந்த ஒரு வார்த்தைதான்.

செசிலியம்மா முக்காட்டை நெற்றி வரைக்கும் இழுத்துவிட்டுக்கொண்டார். "உள்ள வாங்க. நான் அவங்க தங்கச்சி."

சொன்னதைச் செய்துவிட்டார். எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. சேலைத் தலைப்பைச் சுருட்டி வாயில் வைத்துக்கொண்டேன். துக்கம் தாங்காமல் அழுகிறேன் என்று நினைத்து ஜாபஸ் என்னைப் பார்த்து உச்சுக் கொட்டினான்.

"உங்க பேருங்க?" என்று கேட்டார் ரகுநாதன் நாற்காலியில் உட்கார்ந்து.

பொய் சொல்கிற வேலையை இவ்வளவு காலமும் மருமகளிடமே விட்டுவிட்டவர் செசிலியம்மா. பழக்கம் இல்லை. சுற்றுமுற்றும் பார்த்தார். சீரியலில் யாரையோ நினைத்துக்கொண்டார் போலிருக்கிறது. "ஷைலா" என்றார்.

"அம்மாவை எங்க வச்சிருக்கீங்க?"

"எடுத்தாச்சு."

"அதுக்குள்ளயேங்களா?"

"எங்கக்காவுக்கு எதுவும் லேட்டு ஆனா புடிக்காது."

ஜாபஸ் மூக்கை உறிஞ்சினான். "கேசரி வாசன வருது?"

"அக்காவுக்கு உசுரு அது. அதான் படைக்கிறதுக்கு."

"ஆர்.சி.ல அப்படித்தான் சார்" என்று ரகுநாதனுக்கு விளக்கினான் ஜாபஸ்.

இறந்தவரைப் பற்றி இரண்டு நல்ல வார்த்தை பேசுவதுதான் முறை என்று ரகுநாதன், "அம்மா ரொம்ப நல்லவங்கன்னு பிராங்க் சொல்வாருங்க" என்றார்.

செசிலியம்மாவின் முகம் மலர்ந்தது. அடக்கிக்கொண்டார். முடியவில்லை. "தங்கம் சார் அவ. ஒரு வார்த்த அதிர்ந்து பேசினது கெடையாது. அக்கம்பக்கத்துல யாராண்டயும் சண்ட கெடையாது." நான் கூரையைப் பார்த்தேன். "மருமவளச் சொந்தப் பொண்ணு மாரி வச்சிகினு இருந்தா."

அருள்செல்வியின் கையிலிருந்து கரண்டி நழுவித் தரையில் டணங்கென்று விழுந்தது.

அந்தச் சத்தத்தில்தான் உள்ளே குறட்டை நின்றது. திரையை விலக்கிக்கொண்டு பிராங்க் வந்தான். லுங்கியை ஒரு கையில் பிடித்திருந்தான். கண் இரண்டும் சிவந்து, தலைமுடி ஒரு பக்கம் படிந்து, பத்தடி தள்ளியே வாடை அடித்தது. சூப்பர்வைசரைப் பார்த்தான். கறுப்பு பேட்ஜைப் பார்த்தான். ரோஜா மாலையைப் பார்த்தான். ரகுநாதன் எழுந்துபோய் அவன் தோளைப் பிடித்துக்கொண்டார்.

"மனசத் தேத்திக்குங்க பிராங்க். அம்மா போயிட்டாங்க. இனி உங்க சித்திதான் உங்களுக்கு அம்மா."

முந்தின நாள் குடித்தது இன்னும் இறங்காத தலைக்குள் அந்தச் செய்தி எப்படிப் போனதோ, அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான். "யம்மா! என்ன உட்டுட்டுப் பூட்டியே யம்மா! நேத்து கூட தோச சுட்டுக் குடுத்தியே! நான் துன்னாம படுத்துட்டேனே!" தவழ்ந்து வந்து, முக்காடு போட்டு நின்றிருந்தவரின் கால்களைக் கட்டிக்கொண்டான். "சித்தி! எங்கம்மா எங்க சித்தி? மொகத்தக் கூட பாக்கலியே!"

அவனுக்குச் சித்தி என்று ஒருவர் உலகத்திலேயே கிடையாது.

செசிலியம்மாவின் கை அவன் தலைக்குப் போனது. தலையைத் தொடுவதற்கு முன்னால் நின்றுவிட்டது. தடவிக் கொடுத்தால் அவர் அம்மா ஆகிவிடுவார். அந்தக் கையை இழுத்து முக்காட்டின் நுனியைப் பிடித்துக்கொண்டார். அதைப் பார்த்ததும் என் சிரிப்பெல்லாம் போய்விட்டது. பட்டப்பகல் பதினொரு மணி, கையெட்டும் தூரம், பெற்றவளை அடையாளம் தெரியவில்லை அவனுக்கு. எனக்கு அழுகை வந்தது. இந்த முறை நிஜமாகவே வந்தது.

அருள்செல்வி அடுப்படிக்குப் போனாள். ஸ்டவ்வை அணைக்கிற சத்தம் கேட்டது. திரும்பி வந்து, மாமியாரின் முக்காட்டைப் பின்னால் தள்ளிவிட்டாள்.

"அத்தை சாகல சார். இவங்கதான் அத்தை. இன்னைக்கு இவங்க பொறந்தநாள், அதுக்குத்தான் பூசை. இவரு குடிச்சிட்டுக் கெடந்தாரு, அதான் வேலைக்கு வரல." மூச்சு வாங்கிக்கொண்டாள். பிறகு யு.கே.ஜி. வகுப்பில் சொன்ன மாதிரியே, அதே குரலில் சொன்னாள். "என் பேரு அருள்செல்வி. என் வீட்டுக்காரர் குடிநோயாளி."

பிராங்க் தலையைத் தூக்கி, "யம்மா, நீ உயிரோடவா கீற?" என்று கேட்டான்.

ரகுநாதனின் காது மடல் சிவந்துவிட்டது. "அப்ப திண்டுக்கல் பெரியப்பா?"

"அப்படி ஒருத்தர் பொறக்கவே இல்ல சார்."

"அவருக்காக மிஷினையெல்லாம் நிறுத்தி எல்லாரையும் அஞ்சலிக்கு எந்திரிச்சு நிக்க வச்சேனுங்க நான்!"

"மன்னிச்சிருங்க சார்" என்றாள் அருள்செல்வி. "ஆனா இனிமே நான் யாரையும் சாகடிக்க மாட்டேன். நீங்க வேலைய விட்டுத் தூக்குனாலும் சரி."

ரகுநாதன் எழுந்தார், உட்கார்ந்தார், மறுபடி எழுந்தார். கத்தப்போகிறார் என்று நினைத்தேன். கத்தவில்லை. "இந்தாளு கை மாதிரி ஒரு கை எனக்கு அந்த ஷெட்டுலயே கிடையாதுங்க" என்றார் எரிச்சலாக. "வைத்தியம் பார்த்துட்டு வரட்டும். வந்தா மிஷின் அங்கேயே இருக்கும், அதுக்கு நான் பொறுப்பு. போக மாட்டேன்னா இன்னையோட முடிஞ்சுது. இப்பவே சொல்லச் சொல்லுங்க."

அழுது முகம் வீங்கியிருந்த பிராங்குக்கு அந்த நேரத்திலும் புத்தி வேலை செய்தது. முகத்தைத் துடைத்துக்கொண்டான். லேசாகச் சிரிக்கக்கூடச் செய்தான். "எனக்கு இன்னா சார் வைத்தியம்? இவ ஏதோ கோவத்துல பேசறா. எங்கம்மாவக் கேளுங்க சார். யம்மா, சொல்லும்மா. உம் புள்ள குடிப்பானா?"

அவனுக்குப் பதில் தெரியும். எங்கள் மாடியில் எல்லாருக்கும் அந்தப் பதில் தெரியும். அருள்செல்வி கண்ணை மூடிக்கொண்டாள்.

செசிலியம்மா ஜாபஸிடம் போய் அவன் கையிலிருந்த மாலையை வாங்கினார். நாற்காலியில் உட்கார்ந்து அதை மடியில் வைத்துக்கொண்டார். பின்னால் விழுந்திருந்த முக்காட்டை எடுத்து மறுபடியும் தலையில் போட்டுக்கொண்டார்.

"என்னிய எதுக்குடா கேக்குற? நான்தான் செத்துட்டேனே."

"யம்மா, வெளாடாத. சார் நின்னுகினு கீறாரு."

"செத்தவ இன்னாத்தடா சாட்சி சொல்லுவா? போ, வேற ஆளப் பாரு."

பிராங்க் அம்மாவையே பார்த்துக்கொண்டிருந்தான். அவர் அவனைப் பார்க்கவில்லை. மாலையிலிருந்து ஒரு ரோஜா இதழைக் கிள்ளி விரலில் உருட்டிக்கொண்டிருந்தார். அவ்வளவு பெரிய ஆள் லுங்கியோடு நடுக்கூடத்தில், ஒதுங்க இடம் இல்லாமல் நின்றான்.

"எங்க போணும்?" என்று கடைசியில் கேட்டான், யாரையும் பார்க்காமல்.

ஜாபஸ் தொண்டையைக் கனைத்தான். "சார், அந்த மாலைய இன்னா பண்றது?"

"அது எனக்கு வந்தது" என்றார் செசிலியம்மா. "அங்கயே குந்து. கேசரி துன்னுட்டுப் போ. எனக்குப் படைச்சது." ஜாபஸ் இரண்டு முறை வாங்கிச் சாப்பிட்டான். ரகுநாதன் வேண்டாம் என்று சொல்லிப் பார்த்தார், விடவில்லை. கிளம்பும்போது செசிலியம்மாவுக்குப் பிறந்தநாள் வாழ்த்துச் சொல்லிவிட்டு, கதவுக்கு வெளியே போய்த்தான் சிரித்தார். படியில் இறங்குகிற வரை அந்தச் சிரிப்பு கேட்டது.

பிராங்கை பாபு தன் குட்டியானையில் ஏற்றிக்கொண்டு போய்ச் சிகிச்சைக்குச் சேர்த்துவிட்டு வந்தார். வழியெல்லாம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டுதான் போனானாம். சேர்ந்த மறுநாளே வார்டிலிருந்து அம்மாவுக்குப் போன் போட்டு, சாப்பாடு சரியில்லை, கை நடுங்குகிறது, வந்து இட்டுனு போ என்று அழுதான். செசிலியம்மா எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "டாக்டராண்ட சொல்லு நைனா" என்று போனை வைத்தார். வைத்துவிட்டு வெகுநேரம் சேலையில் மூக்கைத் துடைத்துக்கொண்டிருந்தார். கேட்டால் சளி என்றார்.

சனிக்கிழமை நாங்கள் பூந்தமல்லிக்குக் கிளம்பும்போது, வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டு நின்றார். "நான் ஒண்ணியும் பேச மாட்டேன். சும்மா குந்திகினு இருப்பேன். அவ்ளோதான்" என்று எங்களிடம் முன்கூட்டியே ஒப்பந்தம் போட்டார்.

யு.கே.ஜி. நாற்காலியில் அவரை உட்கார வைக்க நானும் அருள்செல்வியும் ஆளுக்கு ஒரு கை பிடிக்க வேண்டியிருந்தது. எதிர்ச்சுவரில் ஆனா ஆவன்னா படம். தடுப்புக்கு அந்தப் பக்கம் எல்.கே.ஜி.யில் யாரோ ஒரு ஆண் தன் கதையைச் சொல்லிக்கொண்டிருந்தார். இங்கே ஒவ்வொருவராகச் சொல்லிக்கொண்டே வந்து, அருள்செல்வியும் சொல்லி முடித்தாள். பத்மாக்கா செசிலியம்மாவைப் பார்த்து, "இஷ்டம் இருந்தா சொல்லுங்க, இல்லாட்டி பரவாயில்ல" என்றார்.

செசிலியம்மா தரையைப் பார்த்தார்.

"என் பேரு..." என்றார். ஷைலா என்று வந்துவிடுமோ என்று நான் பயந்தேன். "என் பேரு செசிலி."

யாரும் அவசரப்படுத்தவில்லை. அந்தச் சளி என்கிற வார்த்தை அவர் உதடு வரைக்கும் வந்ததை நான் கண்ணால் பார்த்தேன். அதை விழுங்கினார். அருள்செல்வி தன் கையை அவர் முழங்கால் மேல் வைத்தாள்.

"எம் புள்ள குடிக்கிறான்" என்றார்.

சொல்லிவிட்டு அசையாமல் உட்கார்ந்திருந்தார், ஏதோ நடக்கப்போகிறது என்று காத்திருக்கிறவரைப் போல. ஒன்றும் நடக்கவில்லை. அடுத்த நாற்காலிக்காரர் தன் பேரைச் சொல்ல ஆரம்பித்துவிட்டார். செசிலியம்மா நெஞ்சில் கையை வைத்துப் பார்த்துக்கொண்டார். பிறகு என் பக்கம் சாய்ந்து காதோடு சொன்னார்.

"சொல்ட்டேன் கோமளா. நான் சாவல."